படிக்குக் கீழே இருந்த நல்லெண்ணெய்

லண்டனில், வால்தம்ஸ்டோவில் எங்கள் வீட்டு மாடிப்படிக்குக் கீழே ஓர் அலுமாரி இருந்தது. அதற்குள் வக்கியூம் கிளீனருக்கும் இருபது கிலோ அரிசிப் பைக்கும் நடுவே, அடியில் பிரம்பு பின்னி, பழைய சேலைத்துண்டு சுற்றிய பெரிய கண்ணாடிக் குடுவை ஒன்று இருந்தது. அதில் இருப்பது நல்லெண்ணெய் என்று அம்மா வீட்டுக்கு வருகிறவர்களிடம் சொல்லி வந்தார். நிறமும் அதற்கு ஒத்துழைத்தது. யாராவது நல்ல எண்ணெய் என்றால் எங்களுக்கும் ஒரு போத்தல் வேண்டுமே என்று கேட்டால், அது மருந்து எண்ணெய், தலைக்கு மட்டும்தான் என்பார். நான் அறிந்த வரையில் அம்மா உலகத்துக்குச் சொன்ன ஒரே பொய் அதுதான். அதையும் ஒவ்வொரு முறையும் திருநீற்றைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேதான் சொன்னார்.

உள்ளே இருந்தது வைன். அதிலும் சாதாரண வைன் இல்லை.

அப்பா லண்டனுக்கு வருவதற்கு முன் பதினொரு வருடம் இத்தாலியில், சிசிலித் தீவின் மேற்குக் கரையில், ஒரு திராட்சைத் தோட்டத்தில் வேலை செய்தார். கொடி வெட்டுவது அவருடைய வேலை. தோட்டம் ஒரே குடும்பத்தின் கையில் ஐந்து தலைமுறையாக இருந்தது. அப்பா முதலாளி என்று சொல்பவர் நான்காவது தலைமுறை. அவருடைய மகள் ஐந்தாவது. அவர்களுடைய நிலவறையில் ஆளுயரப் பீப்பாய் ஒன்று இருந்ததாம். முதலாளியின் பூட்டன் காலத்தில் நிரப்பியது. கலியாணம், பிள்ளைப்பேறு, சாவு என்று வீட்டில் ஏதாவது நடந்தால் அதிலிருந்து ஒரு சாடி எடுப்பார்கள். அறுவடை முடிந்ததும் எடுத்த அளவுக்கு அந்த வருடத்து வைனை ஊற்றுவார்கள். எடுக்க எடுக்க ஊற்றுவதால் அது முடிவதில்லை. பூட்டன் ஊற்றியதும் பேரன் ஊற்றியதும் உள்ளே ஒன்றாகக் கிடக்கும். அதை விற்கமாட்டார்கள், பெயர் ஒட்டமாட்டார்கள். அது வீட்டுக்கு உரியது.

நான் பிறந்தது அந்தத் தோட்டத்து வேலைக்காரர் வீட்டில். முப்பத்தோராம் நாள் துடக்குக் கழித்த அன்று முதலாளி ஒரு சாடியோடு வந்து, விரலை நனைத்து என் நாக்கில் வைத்துவிட்டாராம். அவர்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு அப்படித்தான் செய்வது. அம்மா முந்தானையால் என் நாக்கைத் துடைத்த கதையை முப்பது வருடமாகச் சொல்லி வருகிறார். ஒவ்வொரு முறை சொல்லும்போதும் அந்த விரல் கொஞ்சம் பெரிதாகும்.

எனக்கு நான்கு வயதானபோது, பிள்ளைகள் ஆங்கிலத்தில் படிக்க வேண்டும் என்று எங்கள் ஆட்கள் பாதிப் பேர் செய்ததையே அப்பாவும் செய்தார். லண்டனுக்குப் புறப்பட்டார். அப்போது முதலாளி அந்தப் பீப்பாயிலிருந்து ஒரு குடுவை நிறைய எடுத்துக் கொடுத்தார். எடுத்த அளவுக்கு ஊற்றிக்கொள், அவ்வளவுதான் என்றாராம். வேலைக்காரருக்கு அவர்கள் அப்படிக் கொடுத்ததே இல்லை. அதனால் அப்பாவுக்கு அந்தக் குடுவை ஒரு பட்டம் மாதிரி.

அப்பா குடிப்பவர் அல்ல. எனக்குக் குடிக்கத் தெரியாது, ருசி பார்க்கத் தெரியும் என்பார். கார்த்திகை மாதத்தில் ஒருநாள், பாண் சுடும் தொழிற்சாலையில் ஷிப்ட் முடித்து வந்து, அலுமாரிக்கு முன்னால் முழங்காலில் இருப்பார். மெல்லிய குழாயால் ஒரு கிளாஸ் எடுப்பார். ஒரு துளியை நாக்கு நுனியில் வைத்து, வாய்க்குள் சுற்றி, பேசினுக்குப் போய்த் துப்புவார். பிறகு சிசிலியிலிருந்து தபாலில் வந்த புது வைனைத் திறந்து அதே அளவு ஊற்றுவார். எடுத்த கிளாஸை என்ன செய்வது என்பது ஆண்டுதோறும் பிரச்சினை. கடைசியில் தோட்டத்து ரோசாச் செடிக்குப் போகும். அந்தச் செடி நன்றாகவே பூத்தது.

எனக்கு அந்த அலுமாரிதான் பிடித்த இடம். கதவைச் சாத்திக்கொண்டு அரிசிப் பையில் சாய்ந்து இருப்பேன். மேலே யாராவது படியேறினால் தலைக்கு மேல் மரம் முனகும். கதவு இடுக்கால் வரும் வெளிச்சம் குடுவையில் பட்டு, அதன் கழுத்துக்குள் ஒரு மஞ்சள் கோடு நிற்கும். கண்ணாடியில் காதை வைத்தால் ஏதோ கேட்பது போல இருக்கும். என் இரத்த ஓட்டம்தான் எனக்குக் கேட்டிருக்க வேண்டும். அன்று எனக்கு அது உள்ளே இருந்த ஆட்களின் பேச்சு. அவர்களை நான் பார்த்ததில்லை. என்றாலும் ஒவ்வொருவருக்கும் ஒரு தொப்பி கொடுத்திருந்தேன். அரை நித்திரையில் வெள்ளைத் தெரு ஒன்று வரும், இரண்டு பக்கமும் கொடிகள், முடிவில் கடல், காற்றில் உப்பு. அது நினைவா, அப்பா சொல்லிக் கேட்டதா என்று எனக்கு இன்றுவரைக்கும் பிரிக்கத் தெரியாது. இத்தாலிய மொழி முழுக்க மறந்துபோய்விட்டது. தெரு மட்டும் மிச்சம்.

எனக்கு ஒன்பது வயதில் பள்ளிக்கூடத்தில் ஆசிரியை ஒரு வேலை தந்தார். அவரவர் வீட்டில் இருக்கும் மிகப் பழைய பொருளைக் கொண்டுவந்து அதன் கதையைச் சொல்ல வேண்டும். அம்மாவிடம் கேட்டேன். அம்மா சமையலறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, பிரஷர் குக்கரைக் காட்டினார். கொழும்பில் வாங்கியது. அதற்கு முந்தியது எதுவும் எங்களிடம் இல்லை, சண்டைக்குள் எல்லாம் போய்விட்டது என்பதைச் சொல்லும் நேரத்தில் வெங்காயம் கருகிவிடும் என்று அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டார். என் வகுப்பில் மதுரைப் பக்கத்து டாக்டர் ஒருவரின் மகள் இருந்தாள். அவள் கொள்ளுப்பாட்டியின் வெள்ளிக் குங்குமச் சிமிழைக் கொண்டுவரப் போவதாக அறிவித்துவிட்டாள். பிரஷர் குக்கரோடு நான் எப்படிப் போவது?

மறுநாள் காலை அம்மா குளிக்கப் போனதும் அலுமாரிக்குள் நுழைந்தேன். அப்பா செய்வதைப் பார்த்துப் பார்த்து எனக்குக் குழாய் வேலை பாடம். மருந்துப் போத்தல் ஒன்றைக் கழுவி, ஒரு கப் அளவு எடுத்தேன். எடுத்த அளவுக்கு ஊற்ற வேண்டும் என்பது சட்டம். சட்டத்தை மீற நான் என்ன காட்டுமிராண்டியா? குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து பார்த்தேன். நிறத்தில் பொருந்தியது அப்பிள் ஜூஸ். ஒரு கப் அளந்து, சிந்தாமல் ஊற்றி, தக்கையை இறுக்கி, சேலைத்துண்டைப் பழையபடி சுற்றினேன். நெஞ்சு நிறைய பெருமை.

வகுப்பில் என் முறை வந்தது. போத்தலைத் தூக்கிப் பிடித்து, இதற்கு நூறு வயதுக்கு மேலே என்றேன். கடைசி வரிசை வாங்கில் இருந்த ஒரு பையன் அந்த மஞ்சள் திரவத்தை வேறொரு பெயரால் அழைத்தான். வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. ஆசிரியைக்கே வாய் கோணியது. என்னவென்று அவர் கேட்டபோது, தலைக்கு வைக்கும் எண்ணெய் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். பள்ளிக்கூடம் விட்டதும் பஸ் தரிப்பிடத்துக்குப் பக்கத்துக் கழிவுநீர்க் கானில் அதை ஊற்றிவிட்டு வீட்டுக்குப் போனேன். அழுகை அழுகையாக வந்தது. அன்றைய அழுகை வைனுக்காக அல்ல, எனக்காக.

வைனுக்காக அழும் நாள் அடுத்த ஆவணியில் வந்தது. ஒரு பின்னேரம் தொலைபேசி அடித்தது. அப்பா எடுத்து, இத்தாலிய மொழியில் இரண்டு வார்த்தை பேசினார், பிறகு படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். பேசியது முதலாளியின் மகள். கோடைக் காட்டுத்தீ தோட்டத்துக்குள் வந்துவிட்டது. ஆட்களுக்கு ஒன்றும் இல்லை, கொடிகளிலும் பாதி தப்பிவிட்டது. நிலவறையின் கூரை எரிந்து பீப்பாயின் மேல் விழுந்துவிட்டது. ஐந்து தலைமுறையும் ஒரு மணித்தியாலத்தில் தரையில் ஓடியிருக்கிறது. முதலாளிக்கு அப்போது எண்பத்தாறு வயது. இரண்டு கிழமையாக அந்த எரிந்த வாசலில் கதிரை போட்டு இருக்கிறாராம், சாப்பிடுகிறாரில்லையாம். டாக்டருக்குச் செய்ய ஒன்றுமில்லையாம். அப்போதுதான் மகளுக்கு லண்டனில் ஒரு குடுவை இருப்பது ஞாபகம் வந்திருக்கிறது. அதை ஒரு புதுப் பீப்பாயில் ஊற்றித் தொடங்கினால் தன் அப்பா எழும்புவார் என்றாராம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை வருகிறாராம்.

அப்பா இதைச் சொல்லி முடித்துவிட்டு, நாங்கள் நல்லபடியாக வைத்திருந்ததற்குக் கடவுளுக்கு நன்றி என்றார். அப்படி ஒரு பெருமையை அவர் முகத்தில் நான் அதற்கு முன் கண்டதில்லை.

ஒரு கப் அப்பிள் ஜூஸ்! அந்தக் கிழவர் அதைக் குடித்துப் பார்த்து, சீ என்று துப்பி, கதிரையிலேயே செத்துப்போவதை அந்தக் கிழமை முழுவதும் பார்த்துக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூட விடுமுறை என்பதால் பார்ப்பதற்கு நேரம் தாராளமாக இருந்தது. வெள்ளைத் தெருவின் முடிவில் இப்போது கடல் இல்லை, எரிந்த வாசல் இருந்தது. என்னுடைய தொப்பிக்காரர் எல்லோரும் வரிசையாக நின்று என்னைப் பார்த்தார்கள். பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் நேர்ந்தேன், பிறகு அதை மூன்றாக்கினேன். சொல்லிவிடலாம் என்று இரண்டு முறை அப்பாவிடம் போனேன். ஒரு முறை அவர் குடுவையின் பிரம்புப் பின்னலைப் பல்துலக்கும் பிரஷால் தேய்த்துத் துப்புரவாக்கிக்கொண்டிருந்தார். மற்ற முறை அவர் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தார். அப்பா பாடுவார் என்பதே எனக்கு அன்றுதான் தெரிந்தது. எப்படிச் சொல்வது?

அம்மாவும் அந்தக் கிழமை சரியில்லை. தொட்டதற்கெல்லாம் என்மேல் பாய்ந்தார். வெள்ளிக்கிழமை விரதத்தைச் செவ்வாய்க்கிழமையே தொடங்கினார். சாமான்கள் கைதவறி விழுந்தன. ஒரு தடவை நான் அலுமாரிக் கதவுக்கு அருகில் நிற்பதைக் கண்டு, அங்கே என்ன வேலை என்று கேட்ட கேள்வியில் நான் மாடிக்கு ஓடிவிட்டேன். தெரிந்துவிட்டது என்று முடிவுசெய்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்கு, உணவகங்களுக்குச் சாமான் ஏற்றி வரும் இத்தாலிய வான் ஒன்று எங்கள் வாசலில் நின்றது. முன்சீட்டிலிருந்து முதலாளியின் மகள் இறங்கினார். ஐம்பது வயதிருக்கும். குட்டை முடி, ஆண்பிள்ளைச் சட்டை, நகக்கண்ணில் கறுப்பு. அப்பாவைக் கட்டிப்பிடித்தார். அம்மாவையும் கட்டிப்பிடிக்க, அம்மா கும்பிட்ட கையோடு அதற்குள் அகப்பட்டு நின்றார். என்னைப் பார்த்து ஏதோ கேட்டார், எனக்கு விளங்கவில்லை, சிரித்து வைத்தேன். இடியப்பமும் சொதியும் வடையும் மேசையில் இருந்தன. அவர் ஆசையாகத்தான் சாப்பிட்டார். நாங்கள் மூன்று பேரும் அவருடைய வாயையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

பிறகு அப்பா குடுவையை இரண்டு கையாலும் தூக்கி வந்து மேசையில் வைத்தார். வீட்டில் வைன் கிளாஸ் கிடையாது. தேத்தண்ணிக் கிளாஸ் ஒன்றை மூன்று முறை துடைத்து, குழாயால் கொஞ்சம் எடுத்துக் கொடுத்தார். முதலாளியின் மகள் அதை யன்னல் பக்கம் பிடித்துப் பார்த்தார். மூக்குக்குக் கீழே வைத்து அசைத்தார். வாயில் வைத்தார். கண்ணை மூடினார். அந்த நேரத்தின் நீளத்தை என்னால் இப்போதும் சொல்ல முடியாது. தெருவில் ஐஸ்கிரீம் வான் ஒன்று மணியடித்துக்கொண்டு போனது. அது முழுப் பாட்டையும் முடித்து அடுத்த தெருவில் மீண்டும் தொடங்கியது.

அவர் கண்ணைத் திறந்தபோது கண்ணீர் வழிந்தது. மிச்சத்தையும் ஒரே மிடறில் குடித்துவிட்டு ஏதோ சொன்னார்.

அப்பா எங்களைப் பார்த்தார். “இதுதானாம்” என்றார்.

நான் ஒரு வடையை எடுத்துக் கடித்தேன். கூடவே கொஞ்சம் இளக்காரமும் வந்தது. ஐந்து தலைமுறை வைன் செய்கிறார்களாம், அப்பிள் ஜூஸைக் கண்டுபிடிக்கத் தெரியவில்லையே!

முழுவதையும் கொண்டுபோகச் சொல்லி அப்பா நின்றார். முதலாளியின் மகள் மாட்டேன் என்று, ஊறுகாய்ப் போத்தல் ஒன்றைக் கேட்டு வாங்கி, அதில் ஒரு பங்கை எங்களுக்கு ஊற்றி வைத்துவிட்டுத்தான் குடுவையை மூடினார். அப்பா அதை வான் வரைக்கும் தூக்கிக்கொண்டு போனார். மூன்றாம் நாள் தொலைபேசி வந்தது. கிழவர் தன் கையாலேயே புதுப் பீப்பாயில் ஊற்றினாராம். ஊற்றி முடித்துவிட்டு, விரலை நக்கிப் பார்த்து, பசிக்கிறது என்றாராம். அதற்குப் பிறகு அவர் நான்கு வருடம் இருந்தார். நான் நேர்ந்த தேங்காய் மூன்றையும் அம்மாவிடம் காசு வாங்காமல் எப்படி உடைத்தேன் என்பது வேறு கதை.

இதையெல்லாம் நான் போன வருடம் வரைக்கும் எவருக்கும் சொல்லவில்லை. போன வருடம் எனக்குக் கலியாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை வீட்டார் போனபிறகு அப்பா அந்த ஊறுகாய்ப் போத்தலை எடுத்து வந்தார். அது இப்போது பெரிய கண்ணாடிப் போத்தலாக வளர்ந்திருந்தது. மகளுக்கு நல்லது நடக்கிறது, சிசிலியில் செய்வதுபோல ஒரு துளியாவது எல்லோரும் வாயில் வைக்க வேண்டும் என்றார். எனக்கு மனம் கேட்கவில்லை. முப்பது வயதில் அப்பிள் ஜூஸை ஒப்புக்கொண்டேன். அப்பா சிரிக்கத் தொடங்கினார். அம்மா சிரிக்கவில்லை. கதிரையில் இருந்து, சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டு, தரையைப் பார்த்துப் பேசினார்.

“நீ ஒரு கப். நான் பாதிக்கு மேலை.”

லண்டனுக்கு வந்த முதல் மாரியில், வக்கியூம் கிளீனரை இழுக்கும்போது குடுவை சரிந்து, தக்கை கழன்று, பாதிக்கு மேல் அரிசிப் பைக்குள் போய்விட்டதாம். அப்பா ஷிப்டில். அவர் தலைக்கு மேல் வைத்துக் கொண்டாடுகிற சாமான். அம்மா அரிசியைக் கொட்டி, அலுமாரியைக் கழுவி, சாம்பிராணி போட்டார். வால்தம்ஸ்டோவில் வைன் கடை வைத்திருப்பவர்கள் பாதிப் பேர் எங்கள் ஆட்கள். திருநீறு பூசிய பெண் ஒருத்தி உள்ளே நுழைந்தால் பின்னேரத்துக்குள் கோயில் வரை கதை போய்விடும். ஆகவே என்னைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, பஸ் ஏறி, லண்டனிலேயே பக்கத்துப் பகுதியான எட்மண்டனுக்குப் போனார். ஆங்கிலம் வராது, வைனின் பெயரும் தெரியாது. கைப்பைக்குள் ஒரு சின்னப் போத்தலில் நல்லெண்ணெய் கொண்டுபோயிருந்தார். கடைத் தட்டில் ஒவ்வொரு போத்தலாக அதனோடு ஒட்டிப் பிடித்து நிறம் பார்த்திருக்கிறார். பொருந்தியதில் நான்கை வாங்கினார். வரும் வழியில் பஸ்சின் மேல்தட்டில் இருந்து முழுத் தூரமும் அழுதாராம். அப்படியொரு பாவத்தைச் செய்துவிட்டு எப்படி விளக்கேற்றுவது என்றே அவருக்குத் தெரியவில்லையாம்.

சொல்லி முடித்துவிட்டு அம்மா அப்பாவை நிமிர்ந்து பார்த்தார். இருபத்தாறு வருடமாக அந்தக் கணக்கு அவருடைய மனதில் கிடந்திருக்கிறது.

“எனக்குத் தெரியும்” என்றார் அப்பா. “முதல் கார்த்திகையிலேயே தெரியும். பதினொரு வருசம் அந்தக் கொடியை வெட்டினவனுக்கு ருசி தெரியாதோ? உம்மட முகத்தையும் பாத்தன். பிறகு நான் ஏன் கேப்பன்?”

“அப்ப முதலாளியின்ரை மகளுக்கு ஏன் பொய் சொல்லிக் குடுத்தனீங்கள்?” என்றார் அம்மா.

“ஆர் பொய் சொன்னது? வானடியிலை வைச்சு எல்லாம் சொல்லிப்போட்டன். இது உங்கட வைன் மாதிரி இல்லை, பாதிக்கு மேலை வேறை, பேந்து ஏதோ பழச்சாறும் கலந்திருக்கு, ஆர் எண்டு எனக்குத் தெரியும் எண்டன். உமக்கும் பிள்ளைக்கும் முன்னாலை சொல்ல மனம் வரேல்லை.”

“அவ என்ன சொன்னவ?”

“வாயிலை வைச்ச உடனை தனக்கும் தெரிஞ்சதாம். அதுக்காகத்தான் அழுதவவாம். பேந்து ஒண்டுதான் கேட்டவ. இவ்வளவு காலத்திலை எப்பவாவது அது வெறுமையாய் இருந்ததோ எண்டு. ஒருநாளும் இல்லை எண்டன். அப்ப தாங்கோ எண்டு கையை நீட்டினவ.”

அம்மா எழுந்து சமையலறைக்குப் போய்விட்டார். தண்ணீர்க் குழாயை வெகுநேரம் திறந்து விட்டிருந்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் முன்னறை யன்னலில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். வான் கதவு திறந்திருந்தது. அப்பா குடுவையை நெஞ்சோடு அணைத்தபடி, அதை நீட்டாமல், தலையைக் குனிந்துகொண்டு ஏதோ பேசினார். நெடுநேரம் பேசினார். பிரியாவிடை சொல்கிறார், இத்தாலியர்களுக்கு அது நீளம்தான் என்று நினைத்தேன். முதலாளியின் மகள் ஏதோ கேட்டார், அப்பா இல்லை என்று தலையை ஆட்டினார். பிறகு அந்தப் பெண்மணி இரண்டு கையாலும் குடுவையை வாங்கி, சீட்டில் ஏறி மடியில் வைத்து, பெல்ட்டை அதற்கும் சேர்த்துப் போட்டார். தப்பிவிட்டேன் என்று எனக்கு மூச்சு வந்தது அப்போதுதான்.

அம்மா எனக்குப் பின்னால் வந்து நின்றிருந்தார். இரண்டு கைகளையும் என் தோள்களில் வைத்திருந்தார். விரல்கள் குளிர்ந்து, தோள் வலிக்கும் அளவுக்கு இறுகியிருந்தன. நான் வெளியே ஓடிப்போய் உளறிவிடாமல் இருக்கத்தான் இப்படிப் பிடிக்கிறார் என்று நினைத்து, அசையாமல் நின்றேன். அவர் கீழே விழாமல் பிடித்துக்கொண்டு நிற்பதற்கு அந்த அறையில் நான் ஒருத்திதான் இருந்தேன் என்பது எனக்குத் தெரியவில்லை.